இடுப்புப் பட்டையில் ஓடும் பெயர்

உள்ளாடைக் கம்பெனி விளையாட்டு வீரரோடு போடும் விளம்பர ஒப்பந்தத்தில் வேறெந்தச் சரக்குக்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. மட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர் கேமராவில் விழும். ஷூவின் கோடு விழும், இடைவேளையில் குடிக்கிற பாட்டில்கூட விழும். பனியனும் ஜட்டியும் மட்டும் விழக் கூடாது. கால்பந்து விதிகளில் நான்காவது விதி இதை விரிவாகவே சொல்கிறது. உள்பனியனின் கை வெளியே தெரிந்தால் அது சட்டைக்கையின் நிறத்தில் இருக்க வேண்டும். டவுசருக்குக் கீழே இறங்கும் டைட்ஸ் டவுசரின் நிறத்திலோ அதன் கீழ் விளிம்பின் நிறத்திலோ இருக்க வேண்டும். உள்ளாடையில் தயாரித்தவரின் சின்னம் தவிர வேறு விளம்பரம் எதையும் ஆட்டக்காரர் திறந்து காட்டக் கூடாது.

காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 யூரோ கோப்பையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜூன் 13 அன்று லிவிவ் நகரில் போர்ச்சுகலுக்கு எதிராகத் தன் இரண்டாவது கோலைப் போட்ட டென்மார்க்கின் நிக்லாஸ் பென்ட்னர், சட்டையைத் தூக்கி டவுசரைச் சற்றே இறக்கி ஜட்டிப் பட்டையைக் காட்டினார். பட்டையில் இருந்தது பேடி பவர் என்ற அயர்லாந்துப் பந்தய நிறுவனத்தின் பெயர். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அவருக்கு 1,00,000 யூரோ அபராதமும் ஓர் ஆட்டத் தடையும் போட்டது. அபராதத்தைத் தானே கட்டுவதாகப் பேடி பவர் அறிவித்தது. அதே போட்டித் தொடரில் ரசிகர்களின் இனவெறிக் கூச்சலுக்கும் பட்டாசுக்கும் சேர்த்து குரோஷியாவுக்கு விதிக்கப்பட்டது 80,000 யூரோதான். இரண்டு விரல் அகலப் பட்டைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவருக்கு இதைவிடத் துலக்கமான விலைப்பட்டியல் கிடையாது.

அந்தப் பட்டையில்தான் இந்த வியாபாரத்தின் பெயர், மானம், விலை எல்லாம் இருக்கின்றன. ஜட்டியில் இரண்டு வகை எலாஸ்டிக் உண்டு. துணிக்குள் மடித்துத் தைப்பது பழைய வகை. மலிவு விலைச் சரக்கில் இன்றும் அதுதான். துணிக்கு வெளியே தெரியும்படி வைத்துத் தைப்பது அவுட்டர் எலாஸ்டிக். இதை ஜக்கார்டு தறியில் பெயரோடு சேர்த்தே நெய்கிறார்கள். பெயர் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். 80, 85, 90, 95, 100 என்று சென்டிமீட்டர் அளவு ஏற ஏறப் பட்டையின் நீளம் மாறும். ஆனால் எந்த அளவிலும் பெயர் முன்பக்கம் நட்டநடுவில் விழ வேண்டும். மூட்டு பின்பக்கம் போக வேண்டும். இதற்காகப் பெயரைப் பார்த்துப் பார்த்து வெட்டினால் துண்டு துண்டாக எலாஸ்டிக் வீணாகும். வீணாக்க மனமில்லாத இடத்தில் பெயரின் பாதி முன்னால் இருக்கும், மீதி மூட்டுக்குள் போய்விடும். சரக்கு எடுக்கப் போகும் அனுபவசாலி வியாபாரி துணியைத் தொடுவதற்கு முன்பு பார்ப்பது இதைத்தான். பெயர் நடுவில் விழாத சரக்கில் தையலும் சரியாக இருக்காது என்பது அவர்கள் கணிப்பு. அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

எலாஸ்டிக்கின் உள்ளே ஓடுவது ரப்பர் இழையா ஸ்பான்டெக்ஸா என்பது அடுத்த கேள்வி. ரப்பர் இழை முதலில் நன்றாகவே இழுபடும். வியர்வை, சோப்பு, உச்சி வெயில் கொடி மூன்றும் சேர்ந்தால் சில மாதத்தில் உள்ளுக்குள்ளேயே பொரிந்து, இழுத்தால் மொறமொறவென்று சத்தம் கேட்கும். ஸ்பான்டெக்ஸ் அவ்வளவு சீக்கிரம் கெடாது, விலை கூடுதல். விளம்பரப் பணம் ஏறிய சரக்குக்கும் ஏறாத சரக்குக்கும் துணியில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இரண்டுமே திருப்பூரின் ஏதோ ஒரு பவர்டேபிள் கம்பெனியில், ஒரே ஓவர்லாக் மிஷினில், ஒரே கைகளால் தைக்கப்பட்டிருக்கக்கூடும். பட்டையில்தான் வித்தியாசம்.

உலகப் பிராண்டுகளின் உள்ளாடையும் இந்த ஊரிலேயே தைக்கப்படுகிறது. எழுபதுகளின் இறுதியில் வெள்ளை டி-சர்ட் தேடி இத்தாலிய வணிகர் வந்ததிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவது அங்கே வழக்கம். பின்னலாடைப் பெட்டிகளில் பெரும்பகுதி லாரியில் தெற்கே இறங்கி, தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கன்டெய்னராக ஏறி, ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பல் மாறுகிறது. எண்ணிக்கை மீந்த சரக்கும் சிறு குறையால் கழிக்கப்பட்ட சரக்கும் காதர்பேட்டைச் சந்தையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்ற பெயரில் திருப்பூரிலேயே குவியும். கழுத்து லேபிளைக் கத்தரித்தோ மார்க்கரால் அடித்தோ டி-சர்ட்டை விற்றுவிடலாம். பெயர் நெய்த பட்டையோடு இருக்கும் ஜட்டியை அப்படிச் செய்ய வழியில்லை. அதனால் வெளிநாட்டு வீரர் படம் போட்ட டி-சர்ட் காதர்பேட்டையில் கிடைக்கும் அளவுக்கு வெளிநாட்டு வீரர் பெயர் போட்ட ஜட்டி கிடைப்பதில்லை. கிடைத்தால் அது போலி என்று எடுத்துக்கொள்வதே பத்திரம்.

விளையாட்டுக்கும் உள்ளாடைக்கும் உள்ள உறவு விளம்பரத்துக்கு முந்தியது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் மல்லுக்கும் கபடிக்கும் இறங்கியவர்கள் லங்கோடு கட்டினார்கள். முக்கோணத் துணி, இரு பக்கம் நாடா, இறுக்கிக் கட்டினால் பிடியில் நழுவாது. பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார்கள் பின்னாளில் அதே வேலைக்குச் சப்போர்ட்டர் போடச் சொன்னார்கள். அமெரிக்காவில் இதன் மூதாதையான ஜாக்ஸ்ட்ராப் 1874-இல் சி.எஃப். பென்னட் என்பவர் செய்தது. பாஸ்டனின் கல் பாவிய தெருக்களில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கானது. கெனோஷா நகரின் கூப்பர்ஸ் கம்பெனி நீளக் கால் இல்லாத, அதே போலத் தாங்கிப் பிடிக்கும் ஜட்டியைத் தைத்து, அந்த ஞாபகத்திலேயே ஜாக்கி என்று பெயரிட்டு, 1935 ஜனவரி 19 அன்று சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடையில் விற்பனைக்கு வைத்தது. அன்று பனிப்புயல். மதியத்துக்குள் 600 பாக்கெட் போனது. இன்றைக்கு நகரத்துப் பையன்களின் பேன்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும் பெயர் அங்கிருந்து வந்தது.

வீரரின் பெயரை உள்ளாடைக்கு வைப்பது அதற்கும் முந்திய பழக்கம். 1920-களிலேயே பேஸ்பால் வீரர் பேப் ரூத் பெயரில் அமெரிக்காவில் உள்ளாடை விற்றது. ஆனால் அது பெயர் மட்டும்தான். வீரரையே ஜட்டியோடு நிற்க வைத்துப் படம் எடுக்கும் துணிச்சல் எழுபதுகளில்தான் வந்தது. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் பந்து வீச்சாளர் ஜிம் பாமர் ஜாக்கிக்குப் பல ஆண்டுகள் அப்படி நின்றார். 1982-இல் கால்வின் கிளைன் ஆளை மாற்றிப் பார்த்தது. சுவரொட்டிக்கு எடுத்தது ஊரறிந்த நட்சத்திரத்தை அல்ல. டாம் ஹிண்ட்னாஸ் என்ற கோலூன்றித் தாண்டும் வீரரை. கிரேக்கத் தீவான சாண்டோரினியின் வெள்ளைச் சுவரில் அவர் சாய்ந்து நிற்க புரூஸ் வெபர் எடுத்த படம் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஏறியது. பேருந்து நிறுத்தங்களில் ஒட்டிய பிரதிகளைக் கண்ணாடியை உடைத்துத் திருடினார்கள். கோலூன்றித் தாண்டுபவரின் உடம்பு விற்றது, பெயர் அல்ல. 1989-இல் ஹேன்ஸ் கம்பெனி மைக்கேல் ஜோர்டனோடு சேர்ந்தபோது இது தலைகீழானது. விளம்பரங்களில் ஜோர்டன் பெரும்பாலும் உடையோடுதான் வருவார். அவர் முகமும் சிரிப்பும் போதும். கழுத்தில் உறுத்தும் லேபிளை எடுத்துவிட்டு நேரடியாக அச்சிட்ட பனியனை ஹேன்ஸ் 2002-இல் கொண்டுவந்தபோதும் அவர்தான் முன்னால் நின்றார். அந்த மாற்றம் திருப்பூருக்கும் வந்தது. லேபிள் தைக்கும் மிஷின் இருந்த இடத்தில் சூட்டில் அச்சை ஒட்டும் சிறு பிரஸ் வந்து உட்கார்ந்தது.

உடம்பும் பெயரும் ஒரே ஆளிடம் சேர்ந்தது டேவிட் பெக்காமிடம். ஆர்மானிக்கு ஜட்டியோடு நின்ற படங்கள் 2007 இறுதியில் வெளிவந்தன. 2012-இல் எச் அண்ட் எம் கடைகளில் அவர் பெயரிலேயே உள்ளாடை வந்தது. அவரை அடுத்து ஆர்மானிக்கு ரொனால்டோவும் பிறகு நடாலும் நின்றார்கள். ரொனால்டோ 2013-இல் டென்மார்க் தயாரிப்பாளரோடு சேர்ந்து சி.ஆர்.7 என்று தன் சட்டை எண்ணையே பட்டையில் நெய்தார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி டென்னிஸ் வீரர் பியான் போர்க். அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே, 1984-இல், அவர் பெயரில் உள்ளாடை வந்தது. அந்தப் பெயரின் உரிமையை 2006-இல் ஸ்வீடன் கம்பெனி மொத்தமாக வாங்கிக்கொண்டது. போர்க் என்ற மனிதருக்கும் போர்க் என்ற பட்டைக்கும் அதன் பிறகு கணக்கு வேறு வேறு.

இந்தியாவில் கதை சினிமாக்காரர்களோடு தொடங்குகிறது. வி.ஐ.பி., டான்டெக்ஸ் காலத்துக்குப் பின் சந்தையை விரித்தவை கொல்கத்தா கம்பெனிகள்: 1957-இல் வேர்விட்ட லக்ஸ், 1968-இல் வந்த ரூபா, 1972-இல் தொடங்கிய டாலர். அவர்களின் பனியனில் கணிசமான பங்கு திருப்பூரில் பின்னியது; முகம் மட்டும் மும்பையிலிருந்து வந்தது. டாலருக்கு அக்ஷய் குமார், ரூபாவுக்கு ரன்வீர் சிங். திருப்பூரின் ராம்ராஜும் வேட்டி பனியனுக்கு ஜெயராம், வெங்கடேஷ் என்று நடிகர்களைத்தான் நாடியது. 2007-இல் லக்ஸ் கோஸி, அமுல் மாச்சோ விளம்பரங்களை ஆபாசம் என்று மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தடுத்தது. இன்று பார்த்தால் அதில் தடுக்க என்ன இருந்தது என்று தோன்றும். ஆனால் அந்தத் தடைக்குப் பின் கம்பெனிகள் குடும்பத்தோடு பார்க்கத்தக்க முகம் தேடின. அடுத்த ஆண்டே ஐ.பி.எல். தொடங்கியது.

கொல்கத்தா நைட் ரைடர்ஸின் விளம்பரதாரர்களில் லக்ஸ் கோஸியும் ஒன்றானது. அணிச் சட்டையில் உள்ளாடையின் பெயர்: தெரியக் கூடாதது தெரிய வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. விதிப்படி இதில் குற்றமில்லை. சட்டையில் பெயர் இருக்கிறது, ஜட்டியில் அல்ல. அடுத்த படி உரிமம். விராட் கோலி தன் சட்டை எண்ணை வைத்து உருவாக்கிய ஒன்எய்ட் பெயரில் உள்ளாடையும் வந்தது. லக்ஸ் குழுமத்தோடு தொடர்புள்ள கம்பெனி அதைத் தயாரித்து விற்றது. அதற்கும் அடுத்த படி பங்கு. சூரத்தில் தொடங்கிய எக்ஸ்ஒய்எக்ஸ்எக்ஸ் உள்ளாடைக் கம்பெனியில் கே.எல். ராகுல் விளம்பர முகமாக மட்டும் நிற்காமல் முதலீடும் செய்தார். இதற்கெல்லாம் விலகி நிற்பது ஜாக்கி. 1990-களின் நடுவிலிருந்து இந்தியாவில் அதைத் தைத்து விற்கும் பெங்களூரின் பேஜ் இண்டஸ்ட்ரீஸ் பெரும்பாலும் பெயர் தெரியாத மாடல்களையே காட்டிச் சந்தையின் மேல்தட்டைப் பிடித்தது. வீரர் முகம் இல்லாமல் விற்க முடியாது என்று வாதிடுபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

அணிக்குக் கொடுக்கும் பணம் டிவி பார்ப்பவருக்காக என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இந்தத் தொழிலில் புழங்குபவர்களுக்குத் தெரியும், அதில் பாதி டீலருக்காக. உள்ளாடையைப் பிராண்டு பார்த்து வாங்கும் ஆள் குறைவு. கடைக்காரர் எடுத்துப் போடுவதை வாங்கும் ஆளே அதிகம். ஆகவே டீலரையும் கடைக்காரரையும் பிடித்தால் சந்தை கையில் இருக்கும். அவர்களைப் பிடிக்க ஸ்கீம் உண்டு: இத்தனை பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம், இலக்கை எட்டினால் பாங்காக் பயணம். ஐ.பி.எல். ஒப்பந்தம் இருந்தால் மேட்ச் டிக்கெட், ஹோட்டலில் வீரரோடு நின்று ஒரு போட்டோ. அந்தப் போட்டோ பிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டப்படும். அது மாட்டியிருக்கும் வரை அந்த அலமாரியில் போட்டிக் கம்பெனிப் பெட்டி ஏறுவது கஷ்டம். டிவியில் பத்து நொடி விளம்பரம் செய்யாததை ஒரு கல்லாப் போட்டோ செய்துவிடும்.

ஒப்பந்தத் தாளில் வழக்கமாக இருப்பவை இவை: எத்தனை நாள் படப்பிடிப்பு, எந்தெந்த நாடுகளில் எந்தெந்த ஊடகத்தில் படம் வரலாம், அந்தக் காலம் முழுக்க வேறு உள்ளாடைக்கு முகம் கொடுக்கக் கூடாது, பெயர் கெடும் காரியத்தில் மாட்டினால் ஒப்பந்தம் முறியும். வீரர் அந்தச் சரக்கை உண்மையில் அணிய வேண்டுமா என்பது பல ஒப்பந்தங்களில் மங்கலாகவே இருக்கும். யார் போய்ப் பார்ப்பது? ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றியவருக்கும் முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் ஓராண்டு வரை விளம்பரத் தடையும் விதிக்க அதிகாரம் உண்டு. தான் சொல்வதில் கொஞ்சமாவது விசாரித்திருக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கேட்கின்றன. வியர்வை நாற்றம் வராது, கிருமி அண்டாது என்று பெட்டியில் அச்சடிப்பவர்கள் இதைப் படித்திருந்தால் நல்லது.

ஒப்பந்தம் முடிந்த பிறகு மிஞ்சும் பெட்டிகள்தாம் தீராத தலைவலி. அட்டைப் பெட்டியில் முகம், பட்டையில் கையெழுத்து என்று லட்சக்கணக்கில் அச்சடித்து, ஆயிரக்கணக்கான மீட்டர் நெய்து வைத்திருப்பார்கள். சரக்கை விற்றுத் தீர்க்கச் சில மாதம் தவணை ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்தத் தவணை பெருநகரத்துக் கிடங்குக்குத்தான் பொருந்தும். சாயர்புரம் போன்ற பேரூரின் கடை அலமாரிக்கு ஒப்பந்தத் தேதி தெரியாது. மேல் தட்டில் 100 சைஸ் பெட்டி, வெயில் பட்டு நீலம் வெளுத்து, ஓய்வு பெற்றுப் போன வீரரின் முகத்தோடு இன்னும் இருக்கும். எண்பதும் எண்பத்தைந்தும் தொண்ணூறும் விற்றுத் தீர்ந்து, பெரிய சைஸ் மட்டும் தேங்கும். இளைஞர்களைக் குறிவைத்து வீரர் படம் போட்ட பெட்டியைப் பெருத்த உடம்புக்காரர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. அவர்கள் பழைய பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்.

சாயர்புரம் தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் போகும் வழிகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். ஜி.யு. போப் குருமடம் தொடங்கிய இடம். அவர் பெயரில் மேல்நிலைப் பள்ளியும் கல்லூரியும் உண்டு. பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் உள்ளாடை வியாபாரத்துக்குத் தனிக் காலண்டர் உண்டு. ஜூனில் சீருடையோடு பள்ளிப் பிள்ளைகளின் பனியன், ஷிம்மீஸ். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு வாரம் வருஷத்தின் பெரிய விற்பனை. புதுச் சட்டை எடுப்பவர் உள்ளே போடவும் புதுசு எடுப்பார். பிறகு பொங்கல். இடையில் சுற்றுப்பட்டு ஊர்களின் கோயில் அசனம், கொடை. வியாபாரம் நடக்கும் விதம் எப்போதும் இப்படித்தான்:

"அண்ணாச்சி, தொண்ணூறுல ரெண்டு காட்டுங்க. போன தடவை எடுத்தது மூணு மாசத்துல தொளதொளன்னு ஆயிட்டு."

"அது உள் எலாஸ்டிக் தம்பி. இதை இழுத்துப் பாருங்க."

பையன் இரண்டு கட்டைவிரலையும் பட்டைக்குள் விட்டு இழுப்பான். விட்டதும் சுருங்குகிறதா என்று பார்ப்பான். பெட்டி மூடியில் சிரிக்கும் முகத்தை அவனும் பார்ப்பதில்லை, அண்ணாச்சியும் காட்டுவதில்லை. அடுத்த கேள்வி விலை. கல்லூரிப் பையன்கள் சிலர் போனைத் திறந்து கோலி பிராண்டைக் காட்டி, "இது இருக்கா?" என்பார்கள். இல்லை என்றால் தூத்துக்குடிக்குப் போக மாட்டார்கள். போனிலேயே ஆர்டர் போட்டுவிடுவார்கள். வீரர் ஒப்பந்தத்தின் பலன் பெரும்பாலும் அந்த வழியில்தான் போய்ச் சேர்கிறது. ஆன்லைனில் இழுத்துப் பார்க்க முடியாதல்லவா, அங்கே முகம்தான் எலாஸ்டிக்.

இந்த மாவட்டம் வீரர்களுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போனது. தாமிரபரணிக்குத் தெற்கே மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றார். மாரி செல்வராஜின் 'பைசன்' படத்துக்கு உந்துதல் அவர் வாழ்க்கைதான். ஆனால் இந்தப் பக்கத்து வீரருக்குக் கிடைத்த ஸ்பான்சர் பெரும்பாலும் கம்பெனி விளம்பரமல்ல, வேலை. மின்வாரியம், ரயில்வே, போலீஸ், துறைமுகம், வங்கி: ஒரு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை கிடைத்தால் வீட்டில் விளக்கு எரியும். கணேசனும் மின்வாரியத்தில்தான் பணியாற்றினார். அந்தக் காலத்தில் கபடி டிவியில் வருவதே அபூர்வம். புரோ கபடி 2014-இல்தான் வந்தது. டிவியில் வராத ஆட்டக்காரரைத் தேடி எந்த ஜட்டிக் கம்பெனி வரும்? இன்றும் முழுதாக மாறவில்லை. தூத்துக்குடியின் பெயரைத் தாங்கிய டூட்டி பேட்ரியட்ஸ் அணி தினேஷ் கார்த்திக் தலைமையில் 2016-இல் முதல் டி.என்.பி.எல். கோப்பையை வென்றது. உள்ளாடை ஊரின் பெயரைத் தாங்கிய திருப்பூர் தமிழன்ஸ் 2025-இல் வென்றது. கிரிக்கெட்டுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. ஹாக்கிக்கும் வாலிபாலுக்கும் இன்னும் ஒதுக்கீட்டு வேலைதான்.

ஊர்ப் போட்டிகளின் ஸ்பான்சர் வேறு உலகம். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நடக்கும் கபடி, வாலிபால், கால்பந்துப் போட்டிகளில் முதல் பரிசை ஒருவர் கொடுப்பார், கோப்பையை இன்னொருவர், பந்தல் செலவை வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர். அணிப் பனியனைத் துணிக்கடைக்காரர் ஏற்றுக்கொள்வார். முதுகில் ஆட்டக்காரர் பெயருக்குக் கீழே கடையின் பெயர் ஓடும். முன்பு இது பருத்திப் பனியனில் ஸ்கிரீன் பிரிண்ட். இரண்டு துவைப்பில் எழுத்து வெடிக்கும். இப்போது பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் அச்சு. திருப்பூருக்கு வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்பினால் சில நாளில் பார்சல் வந்து இறங்கும். பாலியஸ்டர் வியர்வையைக் குடிக்காது, கடற்கரைப் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டும். அதனால் ஆட்டக்காரர்கள் உள்ளே பழைய பருத்திக் கட் பனியன் ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பனியனுக்கு ஸ்பான்சர் கிடையாது. கொடுத்த கடைக்காரருக்குக் கணக்கு எளிது: அந்த அணியின் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கிறிஸ்துமஸுக்கு வேறு கடைப் படி ஏற மாட்டார்கள். மும்பையிலோ கொல்கத்தாவிலோ உட்கார்ந்து கோடிக்கணக்கில் செலவழிப்பவருக்கு இவ்வளவு திடமான கணக்கு கிடைப்பதில்லை.

பெண்கள் பக்கம் கதை வேறு விதமாகப் போயிற்று. 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் மூவரும் ஓடும்போது போட ஒரு பிரா தேடிக் கிடைக்காமல், ஆண்களின் சப்போர்ட்டர் இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் ஸ்போர்ட்ஸ் பிராவைச் செய்தார்கள். 1999 ஜூலை 10 அன்று பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிப் பெனால்டியை அடித்த பிராண்டி சாஸ்டெயின் சட்டையைக் கழற்றி முழங்காலிட்டபோது அந்த உடை உலகம் முழுக்கத் தெரிந்தது. ஆண் வீரர் ஜட்டிப் பட்டையில் விளம்பரம் காட்டினால் அபராதம். பெண் வீரரின் ஸ்போர்ட்ஸ் பிராவோ ஓட்டத்தளத்தில் வெளியுடையாகவே ஏற்கப்பட்டுவிட்டது. விளம்பரத்துக்கு இதைவிடத் தோதான உள்ளாடை இல்லை. நைக்கி போன்ற கம்பெனிகள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. அவர்களுக்குத் தைப்பதில் மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் இலங்கைக்குப் பெரும் பங்கு உண்டு. 1987-இல் தொடங்கிய எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ் பெண்களின் உள்ளாடையில் வளர்ந்தது. கிளிநொச்சியிலும் ஆலை வைத்துத் தமிழ்ப் பெண்களை வேலைக்கு எடுத்தது. 2019 உலகக் கோப்பைக்கு இலங்கை கிரிக்கெட் அணி போட்ட சட்டையும், கடலில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை நூலாக்கி அதே கம்பெனி செய்ததுதான். தைக்கும் கம்பெனியே அணிக்கு ஸ்பான்சராக வந்தது தெற்காசியாவில் அபூர்வம்.

தமிழ்நாட்டில் பெண்களின் உள்ளாடைக்கு 1939-இலிருந்து சென்னை நாயுடு ஹால் போன்ற பெயர்கள் உண்டு. ஆனால் வீராங்கனையை முன்னிறுத்திப் பெண்களின் உள்ளாடை விற்றது அரிது. 2023-இல் பெண்கள் பிரீமியர் லீக் வந்த பிறகும் வீராங்கனைகளைத் தேடி வந்தவை வேறு சரக்குகள். பேரூர்க் கடையில் ஸ்போர்ட்ஸ் பிரா கேட்டால் வருவது பெரும்பாலும் மெல்லிய பருத்தி இன்டர்லாக்கில் தைத்த கப் இல்லாத வகை; எஸ், எம், எல் என்று மூன்றே அளவு. மாவட்டப் போட்டிக்கு ஓடும் பிள்ளைக்கு அது போதாது. பிள்ளைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு ஓடுவார்கள், மூச்சு முட்டும். விவரம் தெரிந்த உடற்கல்வி ஆசிரியைகள் மார்பைச் சுற்றியும் மார்புக்குக் கீழும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொண்டு, தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ வாங்கி வரச் சொல்வார்கள். கடையில் கேட்கத் தயங்கும் தாய்மாருக்கு அந்தச் சீட்டே போதும். கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் நீட்டினால் எடுத்துத் தருவார்.